ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லையா?

போன சித்திரையில் ராஜபாளையத்தில் அக்கா வீட்டு ஏசி திடீரென்று வெறும் காற்றை ஊதத் தொடங்கியது. வந்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “கேஸ் இறங்கிருச்சுக்கா, ஏத்திட்டாப் போதும்” என்றார். மூவாயிரம் ரூபாய் போனது. அன்றைக்கு ராத்திரியும் அதே வெறும் காற்றுதான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் படுத்தார்கள். மறுநாள் வேறொருவர் வந்து வெளி யூனிட்டின் முதுகுப் பக்கத்தைக் காட்டினார். கம்பளி போர்த்தியதுபோல் பஞ்சுத் தூசி அப்பியிருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவிய அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து ராஜபாளையத்திலும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெரிந்த வீடுகளில் ஏசி படுத்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. எடுக்கும் இடமோ கொட்டும் இடமோ அடைத்துக்கொண்டால் கேஸ் முழுதாக இருந்தாலும் குளிராது.

1. முதலில் ரிமோட்டைப் பாருங்கள். பனிப்பூ படம் இருந்தால் ‘கூல்’. குழந்தைகள் கை பட்டு ‘ஃபேன்’ அல்லது ‘டிரை’க்கு மாறியிருக்கும். வெப்பநிலை 24-ல் இருக்கட்டும். 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் வீட்டு ஏசிகள் போட்டவுடன் 24-ல் தொடங்கும்படி விதி இருக்கிறது. 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பலருடைய நம்பிக்கை. சாதாரண ஏசியில் கம்ப்ரஸர் ஓடும் வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். கரண்ட் பில் மட்டும் ஏறும். அணைத்துப் போட்டால் கம்ப்ரஸர் கிளம்ப மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பதறி மறுபடி மறுபடி தட்ட வேண்டாம்.

2. கையை நீட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அறையின் வெப்பநிலையைக் காட்டும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஏசி கால் மணி நேரம் ஓடியபின், காற்று உள்ளே போகும் மேல்பக்கத்தில் ஒரு தடவையும் வெளியே வரும் வாயில் ஒரு தடவையும் வையுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அப்போது கோளாறு கதவு இடுக்கிலோ, திரை போடாத மேற்கு ஜன்னலிலோதான் இருக்கும்.

3. ஃபில்டரைக் கழுவுங்கள். மற்ற ஊர்களில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை போதும். ராஜபாளையத்தில் நூல் மில் பக்கமும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியிலும் குடியிருப்பவர்கள் வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். மண் தூசி கொட்டினால் உதிரும். பஞ்சுத் தூசி பின்னிக்கொண்டு துணிபோல் ஆகிவிடும். குழாயடியில் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால்தான் அது கழன்று வரும். நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும்.

பஞ்சு ஆலைக்கும் ஏசிக்கும் பழைய உறவு உண்டு. 1902-ல் வில்லிஸ் கேரியர் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை வடிவமைத்தார். ஆனால் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை 1906-ல் வைத்தவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் நூற்பாலைகளுக்கு வேலை செய்த ஸ்டூவர்ட் கிராமர். காற்று வறண்டால் நூல் அறும் என்பது நம்மூர் மில் தொழிலாளிக்கும் தெரியும். அந்த ஈரப்பதச் சிக்கலில் பிறந்த பெயர்தான் இன்று நம் படுக்கையறை வரை வந்திருக்கிறது.

4. வெளி யூனிட்டைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மாட்டிய நாளோடு யாரும் அதன் பக்கம் போவதில்லை. காற்றை இழுப்பது முதுகுப் பக்கம். தள்ளுவது விசிறிப் பக்கம். முதுகுக்கும் சுவருக்கும் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். விசிறிக்கு முன்னால் நெருக்கமாகத் துணிக்கொடி, பழைய கட்டில், தட்டி எதுவும் இருக்கக் கூடாது. வெயிலுக்கு நிழல் கொடுக்கிறேன் என்று நான்கு பக்கமும் தகரம் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி அடைத்தால் யூனிட் தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுக்கும். தலைக்கு மேல் மட்டும் கூரை போட்டால் போதும்.

கழுவும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாதாரண தோட்டக் குழாயால் மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். வண்டி கழுவும் பிரஷர் பம்பு வேண்டவே வேண்டாம். அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். உப்புத் தண்ணீர் உள்ள போர் என்றால் கடைசியாக இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் பால்கோவா கிண்டும் கொட்டகைக்குப் பக்கத்து வீடுகளில் புகைக்கரி பிசுக்காகப் படியும். அதற்கு வெறும் தண்ணீர் போதாது. சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும்.

     

5. ஆனி, ஆடியில் மேல்காற்று வேகமெடுக்கும்போது, விசிறி மேற்கு பார்த்து இருந்தால் காற்று அதை எதிர்த்துத் தள்ளும். வெளி யூனிட்டைத் தெற்கு, வடக்குச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதென்றால் மூன்றடி தள்ளி ஒரு தடுப்பு வைக்கலாம்.

6. உள் யூனிட்டில் பனி கட்டியிருந்தால் கத்தியாலோ ஸ்குரூடிரைவராலோ சுரண்டாதீர்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் காயிலையே மாற்ற வேண்டி வரும். ஏசியை ‘ஃபேன்’ மோடில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், தானே உருகும். பிறகு ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள். காற்று போதாமல்தான் பனி கட்டியது என்றால் அத்தோடு சரியாகிவிடும். சுத்தமான ஃபில்டரோடும் மறுபடி கட்டினால், கேஸைச் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு.

7. சுவரில் தண்ணீர் ஒழுகினால் பெரும்பாலும் டிரெயின் பைப் அடைத்திருக்கும். வெளி நுனியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அல்லது பல்லி உள்ளே போய்ச் செத்திருக்கும். நுனியில் வாயை வைத்து ஊத வேண்டாம். சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். சரியானதும் கொசுவலைத் துண்டை நுனியில் கட்டிவிட்டால் மறுபடி எதுவும் நுழையாது. பைப் வழி முழுவதும் சரிந்தே வர வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தேங்கும்.

8. ஏசித் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்று பல குறிப்புகளில் படித்திருப்பீர்கள். ஊற்றாதீர்கள். காற்றின் தூசியும் காயிலின் உலோகமும் அதில் கலந்திருக்கும். பேட்டரி சீக்கிரம் போய்விடும். வீடு துடைக்க, செடிக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள்.

9. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் மக்கர் செய்கிறதா? ஸ்டெபிலைசரில் தெரியும் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். தெருவில் எல்லாரும் ஏசி போடும் நேரம் அது. பழைய மாடல் கம்ப்ரஸர் 180-க்குக் கீழே திணறும். ஒன்றரை டன் ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மெயின் போர்டிலிருந்து தனியாக வர வேண்டும். மின்விசிறிப் பாயின்டிலிருந்து இழுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். இது குளிருக்காகச் சொல்வதில்லை, தீப்பிடிக்காமல் இருக்க.

10. வெளி விசிறி சுற்றுகிறது, கம்ப்ரஸர் ‘ம்ம்’ என்று உறுமிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். ஆனால் கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டு ஆட்கள் தொடக்கூடாத இடம்.

11. எம்.சி.பி. விழுந்தால் ஒரு முறை தூக்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் முறையும் விழுந்தால் விட்டுவிடுங்கள். கருகல் வாசனை வந்தால் அந்த ஒரு முறையும் வேண்டாம்.

12. அணில் குழாயின் மேலுறையையும் ஒயரையும் கடிக்கும். மேற்கு மலைக் காட்டில் 1988 முதல் சரணாலயம் வைத்துக் காக்கும் சாம்பல் நிற அணில் நம் வீட்டுப் பக்கம் வராது. இது மாந்தோப்பிலிருந்து வரும் சாதாரண முதுகில் கோடு போட்ட அணில். குழாயைப் பி.வி.சி. பைப்புக்குள் விட்டால் தப்பிக்கும்.

13. கேஸ். இதை நிதானமாகப் படியுங்கள். கேஸ் பெட்ரோல்போல் ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கசிவுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. வெளி யூனிட்டின் குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை தெரியும். அங்கே வரும் இரண்டு குழாய்களில் மெல்லியதில் உறைபனி பிடிக்கும். வெளி விசிறி தள்ளும் காற்றில் சூடே இருக்காது. இணைப்பில் சோப்பு நுரை தடவினால் பெரிய கசிவு குமிழியாகத் தெரிந்துவிடும்.

மெக்கானிக் தம்பியிடம் மரியாதையாகவே கேளுங்கள்: “எந்த இடத்துல லீக்குன்னு காட்டுங்க தம்பி.” கசிவை அடைத்தபின் நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்க வேண்டும். பிறகு வேக்கம் பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அப்புறம்தான் கேஸ்.  ஆர்-32 என்ற கேஸ் லேசாகத் தீப்பற்றக் கூடியது. அதனால் கேஸ் உள்ளே இருக்கும்போது பற்றவைப்பு வேலை செய்ய விடாதீர்கள். கேஸ் ஏற்றும்போது ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும்.

எவ்வளவு கேஸ் வேண்டும் என்பது வெளி யூனிட்டில் ஒட்டிய தகட்டிலேயே கிராமிலோ கிலோவிலோ அச்சிட்டிருக்கும். அதைப் படித்துக் காட்டி, சிலிண்டரைத் தராசில் வைத்தே ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை கிராம் ஏற்றினார், எந்த இடத்தில் கசிவை அடைத்தார் என்ற இரண்டையும் பில்லில் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.