ஐகானை எதோடு சேர்த்துக் கட்டுவது?

அன்புள்ள தம்பி,

உன் கோட் ரிவ்யூவைப் பார்த்தேன். செட்டிங்ஸ் திரையில் ஐகான் சற்றுக் கீழே இறங்கித் தெரிகிறது என்று ரிவ்யூவர் எழுத, நீ அடியில் 2 டிபி பேடிங் கொடுத்தாய். அவரும் சரி என்று சொல்ல, மெர்ஜ் ஆகிவிட்டது. இருவரும் பார்த்தது ஒற்றை வரியில் அடங்கிய ஆங்கிலத் தலைப்பை மட்டும்தான்.

அதே திரையைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தையும் பெரிதாக்கிப் பார். ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்து 200 சதவீதம் வரை போகும். நம் சொற்கள் நீளமானவை. தலைப்பு இரண்டு மூன்று வரியாக மடங்கிவிடும். ஐகானோ அந்த மொத்த உயரத்துக்கும் நடுவில், எந்த வரிக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். நீ கொடுத்த 2 டிபி அங்கே எதற்கும் உதவாது. ஃப்ளட்டரின் லிஸ்ட்டைல், மெட்டீரியல் 3-இல் இப்படித்தான் நடந்துகொள்கிறது: ‘ஈஸ் த்ரீ லைன்’ ஆன் செய்யாதவரை, தலைப்பு எத்தனை வரி மடங்கினாலும் ஐகானை நடுவில்தான் வைக்கும். ‘டைட்டில் அலைன்மென்ட்’டை ‘டாப்’ ஆக்கினால் மேலே ஏறிவிடும். ஸ்விஃப்ட்யூஐயில் எச்ஸ்டாக்குக்கு ‘ஃபர்ஸ்ட் டெக்ஸ்ட் பேஸ்லைன்’ கொடுத்தால் முதல் வரியோடு ஒட்டி நிற்கும். எனக்குப் பிடித்தது இதுதான். ஐகானை முதல் வரியோடு கட்டு, பெட்டியோடு கட்டாதே.

வலது ஓரத்து டெலிட் பட்டனில் வேறொரு சிக்கல். படம் 24 டிபி, தொடும் பரப்பு 48. ஆகவே இருபுறமும் 12 டிபி வெற்றிடம். பட்டனுக்கு 16 டிபி மார்ஜின் கொடுத்தால் படம் ஓரத்திலிருந்து 28 டிபி உள்ளே போய்விடும். மேலே இருக்கும் தலைப்போடு ஓரம் சேராது. “அலைன்மென்ட் தப்பு” என்று கமென்ட் வரும், அது நியாயமான கமென்ட்தான். ஆனால் பலர் உடனே பட்டனையே 24-க்குச் சுருக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு நேராகிவிடும், பெருவிரலுக்குச் சிக்காது. மார்ஜினை 4 ஆக்கு; நாலும் பன்னிரண்டும் பதினாறு, கணக்கு தீர்ந்தது.

‘மார்ஜின் லெஃப்ட்’ என்று இன்னும் எழுதுகிறாய். ஆண்ட்ராய்டு 4.2 வந்த 2012-இலேயே ‘ஸ்டார்ட்’, ‘எண்ட்’ வந்துவிட்டன. அரபி, உருது வாசகருக்கு வரி வலமிருந்து ஓடும்போது ஐகானும் பக்கம் மாற வேண்டும். பின்செல்லும் அம்புக்குறி திரும்பும். கடிகாரமும் பிளே முக்கோணமும் திரும்பாது. எல்லா டிராயபிளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆட்டோ மிரர்ட்’ போட்டுவிடாதே.

அலங்காரத்துக்கு நிற்கும் ஐகானுக்கு ‘கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்’ ‘நல்’ (null) ஆக இருக்கட்டும். பக்கத்தில் எழுதியிருப்பதையே டாக்பேக் இரண்டு தரம் படித்தால் கேட்பவருக்கு எரிச்சல்தான்.

“2 டிபி மேலே” என்று யாராவது கமென்ட் போட்டால் இனி உடனே திருத்தாதே; எந்த எழுத்தளவில், எந்த மொழியில் பார்த்தீர்கள் என்று கேள். சீனியர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். அடுத்த புல் ரெக்வெஸ்டில் மூன்று ஸ்கிரீன்ஷாட் இணைத்து அனுப்பு: ஆங்கிலம், அரபி, அதிகபட்ச எழுத்தளவில் தமிழ். அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்