விடைக் கோப்பில் பிழை எங்கே? – தானியங்கி லினக்ஸ் நிறுவலில் சிக்கல் தீர்த்தல்

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டுவும் இடம்பெற்றுள்ளது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. அண்டை மாநிலமான கேரளத்தில் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென உபுண்டு அடிப்படையிலான இயங்குதளத்தைத் தருகிறது. ஆகவே, பள்ளிக் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் நிறுவும் வேலை என்றாவது ஒருநாள் நம் கைக்கும் வரும்.

ஒரு கணினியில் நிறுவுவது எளிது. மொழி எது, விசைப்பலகை எது, நேர மண்டலம் எது, வட்டை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என்ன என்று நிறுவி கேட்கும். நாம் விடை தருவோம். இருபது கணினிகள் என்றால் அதே கேள்விகளுக்கு இருபது முறை விடை தரவேண்டும். இதைத் தவிர்க்க எல்லா விடைகளையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி நிறுவியிடம் கொடுத்துவிடலாம். டெபியனில் இதற்குப் பிரீசீட் என்றும், ரெட்ஹாட், ஃபெடோரா குடும்பத்தில் கிக்ஸ்டார்ட் என்றும், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால் என்றும் பெயர். இக்கட்டுரையில் பொதுவாக ‘விடைக் கோப்பு’ என்போம்.

தறி அட்டையும் விடைக் கோப்பும்

காஞ்சிபுரம் மாணவர்களுக்கு இதை விளக்க ஜக்கார்டு தறியே போதும். சேலைக் கரையின் டிசைன், துளையிட்ட அட்டைகளாகக் கோக்கப்பட்டுத் தறியின் மேல் தொங்குகிறது. எந்த இழை மேலே எழவேண்டும் என்பதை ஒவ்வொரு ஊடைக்கும் அட்டை சொல்லும். பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு உருவாக்கிய முறை இது. அட்டையில் ஒரு துளை தவறினால், டிசைன் திரும்ப வரும் இடத்திலெல்லாம் அதே பிழை வரும். கைத்தறியில் நெசவாளர் கண்ணால் பார்த்து நிறுத்துவார். விடைக் கோப்பு ஓடும்போது பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஆய்வகத்தில் அப்படி ஓடும் பிழை, மாணவர்கள் ஓராண்டாகச் சேர்த்த செய்முறைக் கோப்புகளையே அழித்துவிடலாம்.

முதலில் கேட்கவேண்டியது

சிக்கல் வந்ததும் மறுபடியும் தொடங்கி ஓடவிடுவது நம் இயல்பு. அதற்கு முன் ஒன்றைப் பார்க்கவேண்டும்: இந்த நிறுவி விடைக் கோப்பைப் படிக்கும் வகைதானா? டெபியன் நிறுவி பிரீசீட்டைப் படிக்கும். நேரடி வட்டிலிருந்து நிறுவும் பதிப்புகள் பலவற்றில் கலமாரிஸ் என்ற வேறொரு நிறுவி உள்ளது; அதற்குப் பிரீசீட் தெரியாது. கோப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் அங்கே பயனில்லை.

நிறுவி சரியானதுதான் என்று உறுதியானால், பிழைகளை நான்கு வகையாகப் பிரித்துத் தேடலாம்.

1. வடிவப் பிழை

பிரீசீட் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் நான்கு பகுதிகள் உண்டு: கேட்பவர், கேள்வியின் பெயர், விடையின் வகை, விடை. நேர மண்டலத்துக்கான வரியைத் தமிழ் எழுத்தில் இப்படி எழுதலாம்: ‘டி-ஐ டைம்/ஜோன் ஸ்ட்ரிங் ஏசியா/கொல்கத்தா’. வகைக்கும் விடைக்கும் இடையே ஒரே ஓர் இடைவெளிதான் இருக்கவேண்டும். அழகாக இருக்கட்டும் என்று இரண்டு விட்டால், இரண்டாவது இடைவெளி விடையின் பகுதியாகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரி, நிறுவிக்குத் தவறாகத் தெரியும்.

விண்டோஸில் கோப்பைத் திருத்துவதாலும் இதுபோல நேரும். அங்கே ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்று சேரும். லினக்ஸ் முறையில் வரிமுடிவைச் சேமிக்கும் திருத்தியையே பயன்படுத்துங்கள். உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டால் கோப்பு யாம்ல் வடிவில் இருக்கும். அதில் வரிகளை உள்தள்ள டேப் விசையைப் பயன்படுத்தக் கூடாது, வெற்றிடம் மட்டுமே. கிக்ஸ்டார்ட்டில் மென்பொருள் பட்டியல் பகுதியை ‘எண்ட்’ குறியிட்டு முடிக்கவேண்டும்.

2. காலப் பிழை

விடை சரி, ஆனால் தாமதமாக வருகிறது. கோப்பை வலையமைப்பு வழியாகத் தந்தால், வலையமைப்பு தயாரான பிறகுதான் நிறுவி அதைப் படிக்கும். மொழி, நாடு, விசைப்பலகைக் கேள்விகள் அதற்கு முன்பே கேட்கப்பட்டுவிடும். ‘கோப்பில் எழுதியிருக்கிறேன், ஆனாலும் கேட்கிறதே’ என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த விடைகளைத் தொடக்க வரியிலேயே தரலாம். அல்லது அங்கே ‘ஆட்டோ’ என்ற அமைப்பை இயக்கி, அக்கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளலாம்.

‘ஆட்டோ’வுடன் முன்னுரிமையை ‘கிரிட்டிக்கல்’ என வைப்பது வழக்கம். அப்போது மிக முக்கியமானவை தவிர மற்ற கேள்விகளை நிறுவி கேட்காது. விடை இல்லாத இடங்களில் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். கேள்வி வராததாலேயே நம் விடை ஏற்கப்பட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

3. பெயர்ப் பிழை

சாட்டா வகை வட்டின் பெயர் பொதுவாக ‘எஸ்டிஏ’ என்றிருக்கும். புதிய கணினிகளில் உள்ள என்விஎம்இ வட்டுக்கு வேறு பெயர். மெய்நிகர்க் கணினிகள் சிலவற்றில் ‘விடிஏ’ என்று வரும். எனவே மெய்நிகர்க் கணினியில் சரியாக ஓடிய கோப்பு, ஆய்வகக் கணினியில் வட்டைக் காணாமல் நிற்கலாம். அப்படி நின்றால் நல்லது. நாம் செருகிய பென்டிரைவ் ‘எஸ்டிஏ’ ஆகிவிட்டால், எழுத்து எந்த வட்டின் மேல் போகிறது என்பதே மாறிவிடும்.

கணினியின் பெயரிலும் சிறு வினோதம் உண்டு. கோப்பில் நாம் தரும் பெயரைவிட, வலையமைப்பின் டிஎச்சிபி சேவை தரும் பெயருக்கே பிரீசீட் முதலிடம் தரும்.

4. இடப் பிழை

நிறுவலின் இறுதியில் சில கட்டளைகளை இயக்கச் சொல்லலாம். நிறுவி ஓடுவது நினைவகத்தில் உள்ள ஒரு தற்காலிக அமைப்பில்; புதிய லினக்ஸ் இருப்பது வட்டில். ‘இன்-டார்கெட்’ என்ற முன்னொட்டு இல்லாமல் கட்டளை தந்தால், வேலை தற்காலிக அமைப்பில் நடந்து, மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். பிழைச்செய்தியும் வராமல் போகலாம்.

எங்கே தேடுவது?

டெபியனின் எழுத்துமுறை நிறுவலில் ஆல்ட், எஃப்4 விசைகளை அழுத்தினால் பதிவேடு தெரியும். வரைகலை நிறுவலில் கன்ட்ரோல் விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். நிறுவல் முடிந்தபின் அதே பதிவேடு, வட்டில் ‘வார்’ அடைவின் ‘லாக்’ பகுதியில் ‘இன்ஸ்டாலர்’ என்ற பெயரில் இருக்கும். கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்வி எது என்று பாருங்கள். பிழை பெரும்பாலும் அதற்கு அருகில்தான் இருக்கும்.

ஓடவிடும் முன்பே கோப்பைச் சோதிக்கவும் வழி உண்டு. டெபியனில் ‘டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ்’ கருவியும், கிக்ஸ்டார்ட்டில் ‘கேஎஸ்-வேலிடேட்டர்’ கருவியும் வடிவப் பிழைகளைக் காட்டும். விடையே தவறு என்பதை அவை சொல்லமாட்டா. ரெட்ஹாட் குடும்பத்தில் கையால் ஒரு கணினியில் நிறுவி முடித்தால், நாம் தந்த விடைகள் கிக்ஸ்டார்ட் கோப்பாகவே சேமிக்கப்பட்டிருக்கும். புதிதாக எழுதுவதைவிட அதைத் திருத்திப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

ஒரு கேள்விக்கு விடை எழுதாதீர்கள்

வட்டை அழித்து எழுதலாமா என்ற இறுதி உறுதிக் கேள்விக்கும் விடைக் கோப்பில் ‘ஆம்’ என்று எழுத முடியும். எழுதாமல் விடுங்கள். நிறுவி அந்த ஓரிடத்தில் நின்று கேட்கும். ஆசிரியர் ஒருவர் திரையில் வட்டின் பெயரையும் அளவையும் படித்துப் பார்த்து ஒப்புதல் தரட்டும். இருபது கணினிகளுக்கு இருபது முறை விசையைத் தட்டினால் போதும். உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டாலும் இயல்பாக இப்படித்தான்: தொடக்க வரியில் தனியாகச் சொல்லாத வரை, வட்டைத் தொடும் முன் ஒருமுறை கேட்கும்.

வகுப்பறையில்

மேல்நிலை வகுப்பில் மெய்நிகர்க் கணினியில் இதைச் செயல்பாடாக நடத்தலாம். நன்றாக ஓடும் கோப்பு ஒன்றை எடுத்து, மேற்சொன்ன வகைகளில் குழுவுக்கு ஒரு பிழையை வைத்துக் கொடுங்கள். ‘எங்கே நின்றது, பதிவேடு என்ன சொன்னது, நாங்கள் ஊகித்தது என்ன, எதை மாற்றினோம், என்ன ஆயிற்று’ என்று ஐந்து பத்திகளில் குழுவினர் எழுதட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது விதி. விடையைவிட அந்த ஐந்து பத்திகளுக்கே மதிப்பெண் தாருங்கள்.

தொடக்க வகுப்புகளில் கணினியே வேண்டாம். ஒரு குழந்தை புள்ளிக் கோலம் ஒன்றை வரையும் முறையை எழுதட்டும். இன்னொரு குழந்தை, எதுவும் கேட்காமல், எழுதியதை மட்டும் பின்பற்றி வரையட்டும். கோலம் எங்கே மாறியது என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள். எழுதியவருக்குத் தெளிவாக இருந்தது, படித்தவருக்கு ஏன் தெளிவாக இல்லை என்ற பேச்சு அங்கே தானாகத் தொடங்கும்.