பாலத்துக்கு மராமத்து: ஆற்றுக்கு என்ன ஆகும்?

இந்த மாதப் பாடம் கொஞ்சம் புதுசு. குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

பாலத்தில் மராமத்து வேலை தொடங்கினால் நாம் கேட்பது ஒரே கேள்விதான். "பஸ் எப்பங்க விடுவாங்க?" நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போகணும், பால் கேன் போகணும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும். ஆனால் கீழே ஓடுகிற ஆற்றுக்கு இந்த வேலையால் என்ன ஆகும் என்று நாம் கேட்பதில்லை. வேலை தொடங்கும் முன்னாலேயே அதைப் பார்த்து, விசாரித்து, எழுதி வைப்பதற்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு என்று பெயர். பெயர்தான் பெரிசு, விஷயம் நமக்குப் புரியாதது இல்லை.

வடக்கே சம்பல் என்று ஒரு ஆறு. மத்தியப் பிரதேசத்தில் பிறந்து, ராஜஸ்தானைத் தொட்டு, உத்தரப் பிரதேசத்தில் யமுனையோடு சேர்கிறது. காட்டைச் சரணாலயம் ஆக்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே ஆற்றையே சரணாலயம் ஆக்கியிருக்கிறார்கள், 1970களின் கடைசியில். காரணம் 'கரியல்' என்கிற நீள மூக்கு முதலை. மீன் தின்று பிழைக்கும், மனுஷரை வேட்டையாடாது. ஆண் முதலையின் மூக்கு நுனியில் சின்னக் குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு குமிழ் இருக்கும். இந்தியில் குடத்துக்குச் சொல்லும் சொல்லில் இருந்துதான் அந்தப் பெயரே வந்தது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் கரியல்களில் பெரும்பகுதி இந்த ஒரே ஆற்றில்தான் வாழ்கிறது. நம்ம சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையிலும் சிலவற்றைப் பார்க்கலாம்.

ஆக்ரா - குவாலியர் நெடுஞ்சாலை, தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் நடுவே இந்த ஆற்றைத் தாண்டுகிறது. லாரி ஓயாத சாலை. சரணாலயம் என்பதற்காக இப்படிப்பட்ட பாலத்தைப் பழுது பார்க்காமல் விட முடியுமா? முடியாது. பாலம் விழுந்தால் மனுஷ உயிர் போகும். அதனால் வேலை வேண்டுமா வேண்டாமா என்று இங்கே பேச்சில்லை. எந்த மாதத்தில் செய்வது, எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாதத்தை முதலில் பாருங்கள். இன்ஜினியருக்கும் கான்ட்ராக்டருக்கும் பிடித்த காலம் மார்ச் முதல் ஜூன் வரை. தண்ணீர் வடிந்திருக்கும், மணல் தெரியும், லாரி இறங்கும், சாரம் கட்டுவது சுலபம். கரியல் பெண் முதலைக்கும் அதே மணல்தான் வேண்டும். மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் கரை மணலைத் தோண்டி முட்டையிடும். ஏறக்குறைய 2 மாதம் கழித்து, மழைக்கு முன்னால் குஞ்சு வெளியே வரும். ஆற்று ஆமைகளும், மணல் திட்டில் கூடு வைக்கும் பறவைகளும் அந்தக் காலத்தில்தான் முட்டையிடும். நமக்குச் சும்மா கிடக்கும் மணலாகத் தெரிவது அதுகளுக்குப் பிரசவ அறை. அதன் மேல் ஒரு லாரி ஏறி இறங்கினால் போதும், அந்த வருஷத்துக் குஞ்சு போச்சு.

அப்படியானால் மழை முடிந்து நவம்பரில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடிப்பது நல்லது. தண்ணீர் கூடுதலாக இருக்கும், பாலத்தின் மேலிருந்தே சாரத்தைத் தொங்கவிட வேண்டும், செலவு ஏறும். அந்தச் செலவை எஸ்டிமேட் போடும்போதே சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். டெண்டர் முடிந்தபிறகு சொன்னால் எந்தக் கான்ட்ராக்டரும் காதில் வாங்க மாட்டார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

அடுத்து, தண்ணீரில் என்ன விழுகிறது? சித்தாள் வேலைக்குப் போன சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஈர சிமென்டில் நாள் முழுக்கக் கை வைத்தால் தோல் வெடித்து எரியும். சுண்ணாம்பு போன்ற காரம் அது. ஆற்று நீரின் பி.எச். அளவு சாதாரணமாக 6.5-லிருந்து 8.5 வரை இருக்கும். ஈர சிமென்ட் கலந்த நீரில் 12-க்கு மேல் போய்விடும். நம் தோலையே எரிக்கும் காரம் மீனின் செவுளை என்ன பாடு படுத்தும்! கலவை மிஷின் கழுவிய தண்ணீரை ஆற்றில் கொட்டக் கூடாது. கரையிலிருந்து தள்ளிக் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து அதில் விட வேண்டும். பழைய இரும்புப் பாலமாக இருந்தால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும்போது கீழே படுதா கட்டிப் பிடிக்க வேண்டும்.

வண்டி போக ஆற்றுக்குள் போடும் தற்காலிக மண் பாதையை வேலை முடிந்ததும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். பாடாய்ப் படுத்துவது இதுதான். நீர் ஒரு பக்கம் தேங்கி, இன்னொரு பக்கம் கரையை அறுக்கும். பாதையை எடுத்தபிறகே கடைசி பில் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம்.

2007 டிசம்பரில் தொடங்கி சில மாதங்களுக்குள் சம்பல் ஆற்றில் 100-க்கும் மேற்பட்ட கரியல்கள் செத்து மிதந்தன. இதைப் பாலத்தோடு முடிச்சுப் போடவில்லை. சிறுநீரகம் கெட்டிருந்தது, ஏதோ விஷம் என்று சந்தேகித்தார்கள். எங்கிருந்து வந்தது என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியவில்லை. முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால்தான் பின்னால் என்ன மாறியது என்று கேட்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையில் வெறும் பாலம் ரிப்பேருக்கு முன் அனுமதி கேட்கப்படவில்லை. ஆனால் ஆறு சரணாலயத்துக்குள் இருந்தால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அங்கே உயிரினங்களின் இருப்பிடத்தைக் கெடுக்கவோ, தண்ணீர்ப் போக்கைத் திருப்பவோ நிறுத்தவோ தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நம் பக்கத்திலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. நன்னீர் முதலையும் நீர்நாயும் அங்கே உண்டு. அந்த முதலை மாசி, பங்குனி வாக்கிலேயே முட்டையிடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை, ஆகவே சம்பல் ஆற்றின் மாதக் கணக்கை இங்கே அப்படியே போட முடியாது. மீன் எந்த மடுவில் ஒதுங்கும், கோடையில் எங்கே ஊற்று தோண்டுவோம், மாடு எங்கே தண்ணி குடிக்கும் என்பதெல்லாம் அந்தந்த ஊர்ப் பெண்களுக்குத்தான் தெரியும். வெளியூர் ஆபீசர் கேட்டால்தான் அவருக்கும் தெரியவரும். கேட்காவிட்டால் நாமே போய்ச் சொல்லலாம்.

சரணாலயம் இல்லாத ஆறாக இருந்தாலும் குழுவாகச் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரே மாதிரி 2 கண்ணாடி பாட்டில் எடுங்கள். பாலத்துக்கு மேற்புறம், அதாவது தண்ணீர் வருகிற பக்கம், ஒன்றை நிரப்புங்கள். தண்ணீர் போகிற பக்கம் இன்னொன்று. பேங்க் பாஸ்புக்கைப் பின்னால் பிடித்து எழுத்து தெரிகிறதா பாருங்கள். வேலை தொடங்கும் முன் 4 வாரம், வேலை நடக்கும்போது வாரம் ஒரு தரம். மழை பெய்தால் இரண்டுமே கலங்கும், அது வேலையால் வந்தது இல்லை. மேல் பாட்டில் தெளிவாக இருந்து கீழ் பாட்டில் மட்டும் கலங்கினால் விசாரிக்க வேண்டும். பள்ளிக்கூட சயின்ஸ் டீச்சரிடம் பி.எச். தாள் கேட்டு வாங்கினால் காரத்தையும் பார்க்கலாம். தேதி, நேரம், பார்த்தவர் பெயர் எல்லாம் தீர்மான நோட்டில் ஏறட்டும்.

மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. கோடை வேலை தொடங்கும் நேரமும் அதுதான். வேலை எந்த மாதம், கழிவு எங்கே போகும், மண் பாதையை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுப் பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் எஸ்டிமேட் நகல் கேட்டு மனு போடலாம்.

குழுவில் பேச: உங்கள் ஊர்ப் பாலத்துக்குக் கீழே எந்த மாதத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கும்? அந்தத் தண்ணீரை நம்பி யார் யார் இருக்கிறார்கள்? வயசான அம்மாக்களிடம் கேட்டு எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.