கார் ஸ்டீரியோவை மாற்றாமல் ஆம்ப்ளிஃபயர் சேர்ப்பது எப்படி?

கார் கம்பெனியே பொருத்தித் தரும் ஸ்டீரியோவில் வால்யூமைப் பாதிக்கு மேல் கூட்டினால் பாட்டு இரைச்சலாக மாறுகிறதா? பலர் உடனே ஸ்டீரியோவையே மாற்ற நினைக்கிறார்கள். முன்பு அது சுலபமான வேலை. இப்போது வரும் பல கார்களில் டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்கள் எல்லாம் அந்த ஒரே யூனிட்டோடு பின்னிக் கிடக்கின்றன. அதைக் கழற்றினால் வேறு சில வசதிகளும் சேர்ந்து போய்விடும். எனவே ஸ்டீரியோவை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு தனி ஆம்ப்ளிஃபயரைச் சேர்ப்பதே நல்லது. நண்பர்கள், உறவினர்களின் கார்களில் இதை நான் சில முறை செய்திருக்கிறேன். வயரிங் வேலையில் ஓரளவு பழக்கமும் கையில் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு இடத்தில் அலட்சியமாக இருந்தால் கார் தீப்பிடிக்கவும் கூடும். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

50 வாட்ஸ் எங்கே போனது?

ஸ்டீரியோவின் மேல் "4 x 50 வாட்ஸ்" என்று போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளில் ஆயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டு விற்றது நினைவிருக்கிறதா? இதுவும் அதற்குத் தம்பிதான். கணக்கைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஐ.சி. இதற்கு மேல் வோல்டேஜ் தர முடியாது. 14.4 வோல்ட் உச்சம் உள்ள சைன் அலையின் ஆர்.எம்.எஸ். அளவு சுமார் 10.2 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் இது 26 வாட்ஸ். ஐ.சி.க்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் சுத்தமாகக் கிடைப்பது 18 முதல் 20 வாட்ஸ்தான். அந்த 50 என்பது, அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில் வரும் கணக்கு. அதைத்தான் நாம் இரைச்சலாகக் கேட்கிறோம்.

தனி ஆம்ப்ளிஃபயர் எப்படி அதிகம் தருகிறது? உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். போல அதற்குள்ளும் ஒரு பவர் சப்ளை இருக்கிறது. அது பேட்டரியின் 12 வோல்ட்டை இரண்டு பக்கமும் 20 வோல்ட்டுக்கு மேல் உயர்த்திக் கொள்கிறது. அதனால் ஒரு சேனலுக்கு 50 வாட்ஸ் உண்மையாகவே கிடைக்கும். 18 வாட்ஸிலிருந்து 50 வாட்ஸுக்குப் போனால் ஒலி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூடுவது 4 டெசிபலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். உண்மையான லாபம், தவில் அடி விழும் அந்த நொடியில் அலை வெட்டுப்படாமல் முழுசாக வருவது.

என்ன வாங்க வேண்டும்?

நான்கு கதவு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்து 4 x 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். உள்ள கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் போதும். கிளாஸ் டி வகை சூடு குறைவு, உருவமும் சிறியது, முன் சீட்டின் அடியிலேயே வைத்துவிடலாம். "ஹை லெவல் இன்புட்" வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனி ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் ஆர்.சி.ஏ. பின் இருக்காது. ஹை லெவல் இன்புட் இருந்தால் ஸ்பீக்கருக்குப் போகும் வயரையே உள்ளே கொடுக்கலாம். இல்லாவிட்டால் லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும்.

கம்பெனி கப்ளரை வெட்டாதீர்கள். உங்கள் காருக்குப் பொருந்தும் ஆண், பெண் கப்ளர் ஜோடி கார் ஆக்சஸரி கடைகளில் கிடைக்கும். அதை நடுவில் செருகி, அதிலிருந்து வயர் எடுங்கள். வாரண்டி பற்றிக் கேள்வி வந்தால் கழற்றிவிட்டுப் பழையபடி மாட்டிவிடலாம்.

ஃப்யூஸ் எங்கே இருக்க வேண்டும்?

தீப்பிடிக்கும் இடம் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். ஆம்ப்ளிஃபயருக்கான பாசிடிவ் வயரை ஸ்டீரியோ வயரிலிருந்து எடுக்கக் கூடாது. 200 வாட்ஸ் வெளியே வர, கிளாஸ் டி வகைகூட சுமார் 18 ஆம்பியர் இழுக்கும். எனவே பேட்டரியிலிருந்தே தனி வயர் போட வேண்டும். அந்த வயரில் பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். "ஆம்ப்ளிஃபயரிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்கு. நடுவில் எங்காவது இன்சுலேஷன் உராய்ந்து வயர் பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயரில் கொட்டும். கரன்ட் ஆம்ப்ளிஃபயர் வரை வராததால் அங்குள்ள ஃப்யூஸ் போகாது. வயர்தான் பழுத்து எரியும். பேட்டரி அருகில் உள்ள ஃப்யூஸ் வயரைக் காப்பதற்கு. கடையில் பொருத்தினாலும் பானட்டைத் திறக்கச் சொல்லி இதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வயர் 8 கேஜ் தடிமனில், முழுச் செம்பாக இருக்கட்டும். மலிவான கிட்களில் வருவது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெளியே தடியாகத் தெரியும், ஆனால் அதே தடிமனில் செம்பை விடக் குறைவாகவே கரன்ட் தாங்கும்.

பானட்டிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலைத் தாண்ட வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் அல்ல. இன்ஜினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் உள்ள நிஜமான தகடு! அதன் ஓட்டை விளிம்பு கத்தி போல இருக்கும். ரப்பர் குரோமெட் இல்லாமல் வயரை நுழைக்கவே கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிடிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். சில ஸ்டீரியோக்கள் பேட்டரி கழன்றால் கோட் நம்பர் கேட்கும், அதை முன்பே எடுத்து வையுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற கப்ளர் தெரிந்தால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக்கினுடையது.

இணைக்கும்போது

ஆம்ப்ளிஃபயரின் நெகடிவ் வயர் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டு முறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொட வேண்டாம். பவர் வயர் காரின் ஒரு பக்கமாகவும் சிக்னல் வயர் மறுபக்கமாகவும் போகட்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ஊய்ங்" என்ற சத்தம் ஏறும்.

ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் நெகடிவ் வயரை எக்காரணம் கொண்டும் பாடியில் இணைக்காதீர்கள். இந்த ஐ.சி.க்களில் பாசிடிவ், நெகடிவ் இரண்டு வயரிலுமே பேட்டரியில் பாதி வோல்டேஜ் இருக்கும். பாடியில் தொட்டால் ஐ.சி. போய்விடலாம். இந்தப் பாதி வோல்டேஜால் ஒரு நன்மையும் உண்டு. பல ஆம்ப்ளிஃபயர்கள் இதை உணர்ந்து, ஸ்டீரியோ ஆன் ஆனதும் தாமே ஆன் ஆகும். அந்த வசதி இல்லையென்றால் ரிமோட் வயரை, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஆக்சஸரி லைனில் கொடுங்கள். நேராக பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் இரவு பகலாக விழித்திருந்து பேட்டரியைக் காலி செய்துவிடும்.

எந்த வயர் பாசிடிவ் என்று தெரியவில்லையா? ஸ்டீரியோவின் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் வயர்களில் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பாசிடிவ் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பாசிடிவ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாகிவிட்டால் பாஸ் காணாமல் போகும்.

கெயின் என்பது வால்யூம் அல்ல

எல்லாம் சரியாகப் பொருத்தியும் ஸ்பீக்கர் கிழிவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்டீரியோவின் சிக்னல் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தி வைப்பதுதான் கெயின் குமிழின் வேலை. கடையில் காதால் கேட்டுத் திருகுவார்கள். நாம் கம்ப்யூட்டரின் உதவியோடு அளந்தே வைக்கலாம்.

இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சைன் அலை, 200 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் 1, நேரம் 2 நிமிடம் கொடுத்து வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் போடுங்கள். 200 ஹெர்ட்ஸ் ஏன் என்றால், மலிவான மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏ.சி. வோல்டேஜைச் சரியாகக் காட்டுவதில்லை.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். கெயினை முழுவதும் குறையுங்கள். ஸ்டீரியோவில் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து, வால்யூமை முக்கால் அளவில் வைத்து டோனை ஓட்டுங்கள். இப்போது ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். எங்கே நிறுத்துவது? வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 50 வாட்ஸ், 4 ஓம் என்றால் 200, அதன் வர்க்கமூலம் சுமார் 14.1 வோல்ட். ஸ்பீக்கர் 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். மட்டுமே தாங்கும் என்றால் 12.6 வோல்ட்டில் நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டில் எது சிறியதோ அதுவே கணக்கு.

பழைய கம்பெனி ஸ்பீக்கர்களையே வைத்திருப்பவர்கள் இதைவிடவும் குறைத்து வைப்பது நல்லது. கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால் முன் கதவு ஸ்பீக்கர்கள் இரண்டை மட்டும் மாற்றுங்கள். பின் கதவுகளுக்குச் செலவழிப்பது என்னைப் பொறுத்தவரை வீண். டிரைவர் காதில் விழுவது முன்னால் உள்ளவைதான்.

பொருத்தி ஒரு வாரம் ஆனதும், நீண்ட தூரம் ஓட்டி வந்த கையோடு ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் உள்ள மற்ற பாகங்களை விடச் சூடாக இருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நெகடிவைக் கழற்றிவிட்டு மறுபடி முறுக்கிவிடுங்கள்.