குளத்துக்குக் கீழ் எந்நிலத்தில் எப்பயிர்? – படங்களை அடுக்கித் திட்டமிடும் முறை

கமக்காரர்களே,

சிறுபோகத்தில் குளத்து நீர் குறைந்திருக்கும்போது, எந்நிலத்தில் நெல் விதைப்பது, எந்நிலத்தில் மறுபயிர் வைப்பது என்று தீர்மானித்தல் எளிதன்று. தவறினால் கதிர் பறியும் வேளையில் நீர் அற்றுப்போகும். பல விபரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்யும் படம் இத்தீர்மானத்துக்கு உதவும்.

ஒரு படம் போதாது

ஆண்டு மழை 2,500 மி.மீ.க்கு மேற்பட்ட பகுதி ஈரவலயம், 1,750 மி.மீ.க்குக் குறைந்தது உலர்வலயம், இடைப்பட்டது இடைவலயம். மழையை மட்டும் நோக்கின் வவுனியாவும் யாழ்ப்பாணமும் உலர்வலயமே. ஆயினும் வவுனியாவில் செங்கபிலநிற மண்ணும் குளத்து நீரும் உண்டு. யாழ்ப்பாணத்திலோ சுண்ணாம்புக் கல்லின் மேற் செம்மண்ணும் கிணற்று நீருமே உண்டு. இரண்டிற்கும் ஒரே ஆலோசனை பொருந்துமோ? இதனாலேயே மழை, மண், நில உயரம் முதலியவற்றைச் சேர்த்து நாட்டை விவசாயச் சூழலியற் பிரிவுகளாக வகுத்தனர். 1970களில் 24 ஆக இருந்த இப்பிரிவுகள் 2003 இல் 46 ஆக விரிந்தன.

முன்னர் ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்து அடுக்கிப் பார்த்தனர். இன்று கணினியில், புவியியல் தகவல் முறைமை என்னும் வழியால் அதனையே விரைவாகச் செய்கின்றனர்.

உங்கள் குளத்துக்குச் செய்யும் விதம்

1. முதற் தாளில் குளம், துருசு, வாய்க்கால்கள், வயல் எல்லைகள் ஆகியவற்றை வரைக.

2. இரண்டாம் தாளில் மண்ணைக் குறிக்க. மேட்டுச் சரிவின் செங்கபிலநிற மண் நீரை விரைவில் வடியவிடும். பள்ளத்து மண்ணில் நீர் தங்கி நிற்கும்.

3. மூன்றாம் தாளில், சென்ற சில போகங்களில் நீர் கடைசிவரை எட்டாத வாய்க்கால்களையும் உவர் கண்ட வயல்களையும் குறிக்க. இத்தாள் எந்த அலுவலகத்திலும் இல்லை. அதனை நிரப்ப வல்லவர் நீங்களே.

எல்லாத் தாள்களும் ஒரே அளவுத்திட்டத்தில் இருத்தல் வேண்டும். துருசு, பாலம், சந்தி போன்ற மூன்று இடங்களையேனும் ஒவ்வொரு தாளிலும் குறித்து, அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா எனப் பார்க்க.

அடுக்கிய படத்தில் நீர் விரைவில் வடியும் மண்ணும் நீர் எட்டாத வாய்க்காலும் சேருமிடத்தில் நெல்லைத் தவிர்த்துப் பயறு, கௌப்பி போன்றவற்றை இடுக. நீர் தங்கும் மண்ணும் நீர் எட்டும் வாய்க்காலும் சேருமிடமே நெல்லுக்கு உரியது.

எச்சரிக்கை

1:50,000 அளவுத்திட்டப் படத்தில் ஓர் ஏக்கர் வயலின் பக்கம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றே கூடுதலாகும். அத்தகைய படம் பிரதேசத் திட்டத்துக்கு ஏற்றது. தனி வயலைத் தீர்மானிக்க ஏற்றதன்று. வயலில் மண்வெட்டியால் தோண்டி மண்ணைப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

இப்படத்தைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். நீர்ப் பங்கீடு பற்றிய பேச்சு அப்போது ஊகத்தில் நில்லாது, யாவரும் காணும் தாளில் நிற்கும். மேலும் விபரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.