கீறல் சிறிது, பொறுப்பு பெரிது

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

இடுப்பு முறிவுக்குச் சிறு கீறல் வழியே எலும்பின் உட்குழாயில் நெயில் செலுத்தப் பழகிவருகிறீர்கள். தையல் எத்தனை சிறியது என்றுதான் நோயாளியின் வீட்டாரும் முதலில் பார்ப்பார்கள். ஆனால் எண்பது வயதில் விழுந்தவருக்கு நாம் செய்ய வேண்டியது, மறுநாளே காலூன்றி நிற்கவைப்பது. படுத்தே கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்த உறைவு எல்லாம் வரிசையாக வந்து சேரும். உடம்பின் எடையைத் தாங்கும்படி எலும்பு பொருந்தியிருந்தால்தான் அவரைத் தைரியமாக நிறுத்த முடியும். ஆகவே கீறலின் நீளத்தைவிட முறிவின் பொருத்தத்துக்கே முதலிடம் கொடுங்கள்.

1995இல் பாம்கார்ட்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வை நினைவில் வையுங்கள். எக்ஸ்ரேயின் நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் இரண்டிலும், தொடை எலும்புத் தலைக்குள் செலுத்திய ஸ்க்ரூவின் முனைக்கும் அந்தத் தலையின் உச்சிக்கும் இடையிலான தூரத்தை அளந்து கூட்டினார்கள். கூட்டுத்தொகை 25 மி.மீ.க்குள் இருந்த எவருக்கும் ஸ்க்ரூ தலையைத் துளைத்து வெளியே வரவில்லை. முறிவு சரியாகப் பொருந்தாவிட்டால் ஸ்க்ரூவை அந்த இடத்தில் நிறுத்துவதே கடினம். டேபிளில் காலை இழுத்துத் திருப்பியதும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பக்கவாட்டுப் படத்தையும் கட்டாயம் பாருங்கள். நேர்ப்படத்தில் அழகாகத் தெரியும் முறிவு அதில் பின்பக்கம் தொய்ந்திருக்கும். நெயில் உள்ளே போனால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி, எலும்பைக் குடையும் ரீமரை எடுக்காதீர்கள். கோணலான எலும்பில் இறங்கும் நெயில் அந்தக் கோணலையே நிலைப்படுத்தும்.

இழுத்தும் பொருந்தாவிட்டால் முறிவிடத்தைத் திறந்து பொருத்துங்கள். திறந்தால் முதியவருக்கு ரத்தம் போகுமே என்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் திறந்து, கிளாம்ப் போட்டுப் பொருத்துவதால் போகும் ரத்தத்தைவிட, ஸ்க்ரூ பிய்ந்து மூட்டையே மாற்றவேண்டி வரும் இரண்டாம் அறுவையில் போவது மிக அதிகம். மேலும் சிறு கீறலிலும் ரத்த இழப்பு சிறிதல்ல. தொடைக்குள் மறைந்து கசியும் ரத்தம், அறுவையின்போது கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு என்று 2006இல் ஃபாஸும் கேலட்டும் காட்டினார்கள். நெயில் போட்டவர்களிடம் அது இன்னும் கூடுதல். பஞ்சு நனையவில்லை என்று நிம்மதியடையாமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஹீமோகுளோபின் பாருங்கள்.

நெயிலே எப்போதும் மேல் என்பதும் இல்லை. நிலையான முறிவுக்கு ஸ்க்ரூவோடு கூடிய டிஎச்எஸ் பிளேட் போதும். முறிவுக்கோட்டின் சாய்வு தலைகீழாக இருந்தால் நெயில் அவசியம். எதைப் போட்டாலும், கேஸ் ஷீட்டில் ‘முழு எடை ஊன்றலாம்’ என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அப்படி எழுதக் கை தயங்கினால், மயக்கம் தெளியுமுன் படத்தை இன்னொரு முறை பாருங்கள்.