கருவிக்கும் உரை வேண்டும்

நுழையும்முன்

உரையில்லா நூற்பா கற்போரைத் திகைக்க வைக்கும். விளக்கமில்லாக் கணினிக் கருவி செயற்கை நுண்ணறிவைத் தடுமாற வைக்கும். தெளிவுற எழுதும் திறன் கணினித் துறைக்கும் இன்றியமையாததாகிவிட்டது. அதன் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

வாயிலும் விளக்கமும்

இன்று மழை வருமா எனச் செல்பேசிச் செயலியில் பார்க்கிறோம். அச்செயலி பெரும்பாலும் வானிலையைத் தானே கணிப்பதில்லை. வேறோர் இடத்திலுள்ள கணினியிடம் கேட்டுப் பெறுகிறது. இவ்வாறு ஒரு மென்பொருள் மற்றொன்றின் சேவையைப் பெறுவதற்கான வாயிலே பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம். இதனைச் சுருக்கமாக ஏ.பி.ஐ. என்பர். எவ்வாறு கேட்க வேண்டும், என்ன விடை கிடைக்கும் என்பவற்றை விளக்கும் எழுத்து அதன் ஆவணம் எனப்படும்.

நெடுங்காலம் இவ்வாவணங்களை நிரலாளர்களே படித்துவந்தனர். ஐயம் எழுந்தால் உடன் பணியாற்றுவோரிடம் கேட்டனர். இன்றோ செயற்கை நுண்ணறிவு முகவர் மென்பொருள்களும் அவற்றைப் படிக்கின்றன. பயனரின் வேண்டுகோளை ஏற்று, எக்கருவியை எப்போது பயன்படுத்துவது என முகவரே முடிவு செய்கிறது. பெரும்பாலும் கருவியின் உள்ளமைப்பு அதற்குத் தெரியாது. பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டே அது கருவியை அறிகிறது. எனவே, விளக்கச் சொற்களும் கருவியின் உறுப்புகளே ஆகின்றன.

ஒரு சான்று

தொடர்வண்டி இருக்கை நிலையைக் கூறும் கருவி ஒன்றைக் கருதுவோம். அதன் பெயர் 'தேடு'. விளக்கம் 'விவரங்களைத் தரும்'. உள்ளீடுகள் இடம், நாள். நேர்காணலுக்குச் செல்லும் மாணவர் ஒருவர், "சென்னையிலிருந்து மதுரைக்கு 05-06 அன்று இருக்கை உள்ளதா?" என வினவுகிறார். சென்னை என்பது எழும்பூரா, சென்ட்ரலா? 05-06 என்பது நம் வழக்கில் ஜூன் 5. அமெரிக்க வழக்கில் மே 6. முகவர் பிழையாக ஊகித்தாலும் கருவி தடையின்றி விடை தரும். பிழையான அவ்விடையை நம்பும் மாணவர் நேர்காணலையே இழக்க நேரும்.

அவ்விளக்கத்தைப் பின்வருமாறு திருத்தலாம்:

*பெயர்:* இருக்கை நிலை அறிதல்
*பயன்:* இரு நிலையங்களுக்கிடையே குறித்த நாளில் ஓடும் வண்டிகளில் காலியாக உள்ள இருக்கைகளின் எண்ணிக்கையைத் தரும். பயணச்சீட்டைப் பதிவு செய்யாது.
*நிலையம்:* நிலையக் குறியீடு. எழும்பூர் – எம்.எஸ்.; சென்ட்ரல் – எம்.ஏ.எஸ். 'சென்னை' என்று மட்டும் கூறப்பட்டால், எந்நிலையம் எனப் பயனரிடம் கேட்டறிக.
*நாள்:* ஆண்டு-மாதம்-நாள். சான்று: 2025-06-05 என்பது ஜூன் 5.

கருவி செய்வதோடு செய்யாததையும் இவ்விளக்கம் கூறுகிறது. ஐயம் எழும் இடத்தில் வழியும் காட்டுகிறது.

நன்னூல் காட்டும் நெறி

நூலுக்குரிய பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் வகுத்துள்ளார். அவற்றுட் சில இங்கும் பொருந்துகின்றன. நாளின் வடிவத்தைக் கூறாது விடுதல் குன்றக் கூறல். தேவையற்ற செய்திகளை அடுக்குதல் மிகைபடக் கூறல். ஒரே பணிக்குரியவை போலத் தோன்றும் இரு கருவிகளை வேறுபடுத்திக் காட்டாமை மயங்க வைத்தல். ஓரிடத்தில் கிலோமீட்டர் என்றும் பிறிதோரிடத்தில் மைல் என்றும் ஒரே அளவைக் குறித்தல் மாறுகொளக் கூறல்.

பிழையும் பொறுப்பும்

பிழைச் செய்தியும் ஆவணத்தின் பகுதியே. 'பிழை 400' என்பதைவிட, 'நாளை ஆண்டு-மாதம்-நாள் என்னும் வடிவில் தருக' என்பது முகவர் தன்னைத் திருத்திக்கொள்ள உதவும். பயணச்சீட்டை நீக்குதல், பணம் அனுப்புதல் போன்ற மீட்டற்கரிய செயல்களுக்கு, 'பயனரின் இசைவு பெற்ற பின்னரே செய்க' எனக் குறித்தல் வேண்டும். ஆயினும் எழுத்தறிவுறுத்தல் மட்டும் போதாது. இசைவின்றி இயங்காதவாறு கருவியையும் அமைத்தல் வேண்டும்.

ஆவணமும் செயலும் முரண்பட்டால் விளைவு பெரிதாகும். நாசா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று தொடர்பை இழந்தது. உந்துவிசைத் தரவை நியூட்டன்-நொடியில் தருமாறு இடைமுக ஆவணம் கூறியிருந்தது. தரையிலிருந்த மென்பொருள் ஒன்றோ பவுண்டு விசை-நொடியில் தந்தது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். எண்ணைப் பெற்ற மென்பொருளுக்கு அவ்வேறுபாடு தெரியவில்லை. எழுதுவதோடு, எழுதியவாறே கருவி இயங்குகிறதா எனச் சோதிப்பதும் ஆவணப்பணியே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

> தெரிந்து தெளிவோம்
> முகவர்களையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறையான எம்.சி.பி., 2024 நவம்பரில் வெளியிடப்பட்டது. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவற்றை முகவருக்கு அறிவிக்கும் முறையை இது வரையறுக்கிறது.

படிப்பவர் எதிரில் இல்லாதபோதும் அவருக்கு எழும் ஐயத்தை முன்னுணர்ந்து எழுதுவதே உரையாசிரியர் பணி. இன்று படிப்பது இயந்திரமாயினும், அதன் செயலால் பயனோ இழப்போ அடைவோர் மனிதரே. ஆகவே, தெளிவாக எழுதுதல் அவர்கள்பால் நாம் கொள்ளும் பொறுப்பாகும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி நூலகத்தில் நூல் இருப்பை அறியும் கருவி ஒன்றிற்குப் பெயர், பயன், உள்ளீடுகள், பிழைச் செய்தி ஆகியவற்றை எழுதுக.
2. அதனை நண்பரிடம் தந்து, அவருக்கு எழும் ஐயங்களைக் குறித்துத் திருத்துக.
3. 'விளக்கச் சொற்களும் கருவியின் உறுப்புகளே' – இக்கூற்றைச் சான்றுடன் நிறுவுக.